‘சார், ஒரு டவுட்’ என்பதற்கு அப்புறம்

இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குக்கென்று இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழுந்தது: “சார், ஒரு டவுட்.” அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கழித்து, “யாராச்சும் இருக்கீங்களா?” இன்னும் ஐந்து நிமிடம் போய் ஒரு போட்டோ. டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்தின் பாதி பளபளவென்று வெளுத்திருந்தது. மறுபாதியில் போனின் நிழல். படம் பக்கவாட்டில் கிடந்தது. அதில் ஐந்தாறு கணக்குகள். எந்தக் கணக்கு என்று சொல்லவில்லை. கடைசியாக, “அர்ஜென்ட் சார், நாளைக்கு சப்மிட் பண்ணணும், ப்ளீஸ்”, கூடவே இரண்டு கும்பிடு பொம்மைகள்.

அந்தக் குழுவில் 300 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார்கள், மாலையில் டியூஷன் எடுக்கிறவர்கள், இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகள், என்னைப்போல சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் போனைத் திறக்கிறவர்கள். நானும் அந்தச் செய்தியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிவிட்டேன். மற்றவர்களும் அதையேதான் செய்திருப்பார்கள்; பத்தரை மணிவரை ஒரு பதிலும் இல்லை. ‘திமிர் பிடிச்ச குரூப்’ என்று அந்தப் பையன் நினைத்திருந்தால் அவன்மேல் தப்பில்லை. தனக்குத் தெரிந்த மரியாதையில் அவன் எதையும் பாக்கி வைக்கவில்லை. சார் என்றான், ப்ளீஸ் என்றான், கும்பிட்டான்.

நம் ஊரில் உதவி கேட்கிற மரியாதை பெரும்பாலும் கூப்பிடுகிற முறையிலும் குரலிலும் இருக்கிறது. பஸ்ஸில் “அண்ணா, கொஞ்சம் நகர்ந்துக்கோங்களேன்” என்றால் நகர்ந்துவிடுவார்கள். மீதியை முகம் சொல்லிவிடும். முகம் தெரியாத இடத்தில் அந்த வசதி கிடையாது. பதில் சொல்ல வருகிறவருக்கு முதலில் எழுகிற எண்ணம், ‘இவனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?’ என்பதுதான். படத்தைத் திருப்பி, பெரிதாக்கி, ஆறு கணக்கில் எது என்று கேட்டு, அதற்கு அவன் பதில் போடும்வரை காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அப்புறம் அவனுக்கு எது புரியவில்லை என்பது தெரிந்திருக்காது. சாப்பிட உட்காரும் நேரத்தில் யாருக்கும் அந்தப் பொறுமை வராது. இணையத்தில் உதவி கேட்பவர்களுக்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட விதிமுறைகள் எழுதிவைத்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் எல்லாம் இந்த ஒரு இடத்துக்குத்தான் வந்து சேருகின்றன: எதிரில் இருப்பவரின் நேரத்தை நீ எவ்வளவு மிச்சப்படுத்துகிறாய் என்பதே அங்கே மரியாதை.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆங்கில விதிமுறைகளைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. அவர்களுடைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே வினா ஆறு வகை என்று ஒரு பாடம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலிலிருந்து வருவது. அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிற பட்டியல். ஆனால் ஒரு வாரம் ஏதாவது ஒரு படிப்புக் குழுவில் உட்கார்ந்து பார்த்தால் ஆறும் கண்முன்னால் நடமாடும்.

மளிகைக் கடையில் போய், “துவரம்பருப்பு இருக்கா?” என்று கேட்பது கொளல் வினா. பருப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, வாங்கிப் போகக் கேட்கிறோம். “ஆன்சர் இருக்கா சார்?” என்பதும் அதே வகைதான். “இந்தக் கணக்கைப் போட்டுத் தர்றீங்களா?” என்பது ஏவல் வினா, வினாவுக்குள் வேலை ஒளிந்திருக்கிறது. குழுக்களில் பதில் சொல்ல உட்கார்ந்திருப்பவர்கள் கடை வைத்திருக்கவில்லை, வேலைக்கும் வரவில்லை. அவர்கள் காத்திருப்பது அறியா வினாவுக்கும் ஐய வினாவுக்கும். இந்த இரண்டில் ஐய வினா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நான்கு பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவார்கள். தூரத்தில் தெரிவது குற்றியா மகனா (மரக்கட்டையா மனிதனா) என்று ஐயப்படுவதற்கு முதலில் எதையோ பார்த்திருக்க வேண்டும். இரண்டு விடைகள் கையில் இருந்தால்தான் ஐயம். சென்னையில் நாம் எல்லாவற்றையும் ‘டவுட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். புத்தகத்தையே திறக்காதவனும் டவுட் என்கிறான். அவனுக்கு வந்திருப்பது டவுட்டே இல்லை.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அவனிடம் ஒரே வரிதான் கேட்டார்: “எந்தக் கணக்குப்பா, நீ எதுவரைக்கும் போட்ட?” பதிலுக்கு நோட்டுப் பக்கம் வந்தது. கணக்கைப் புத்தகத்தில் இருப்பதுபோல் தராமல் எண்ணை மாற்றிச் சொல்கிறேன். 60√3 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு படகைப் பார்க்கிறார்கள், இறக்கக் கோணம் 30 பாகை, படகு அடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரம்? (கணக்குப் புத்தகத்துக் கட்டடங்கள் மட்டும் எப்படியோ √3 கணக்கிலேயே உயர்கின்றன.) விடை 180 மீட்டர். பையனுக்கு வந்தது 60.

நோட்டைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அவன் படம் அழகாகத்தான் வரைந்திருந்தான். கலங்கரை விளக்கம் நேராக நின்றது, படகுக்குப் பாய்கூட வைத்திருந்தான். 30 பாகையை மட்டும் உச்சியில் கோபுரத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் எழுதியிருந்தான். இறக்கக் கோணத்தைக் கிடைமட்டக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். அப்படி அளந்தால் படகு இருக்கிற மூலையில் 30 பாகை வரும். டேன் 30 என்பது உயரத்தைத் தூரத்தால் வகுத்ததற்குச் சமம், தூரம் 180. அவன் போட்டதில் மேலே கீழே மாறிப்போய் 60 வந்தது. மற்றபடி அவன் போட்ட ஒவ்வொரு படியும் சரி. வாத்தியார் எழுதிய பதில் ஒன்றரை வரி: “உச்சியில ஒரு படுக்கைக் கோடு போடு. கோணம் அந்தக் கோட்டுக்குக் கீழ.” பதினைந்து நிமிடத்தில் 180 வந்துவிட்டது.

முந்தைய இரவே யாராவது இரக்கப்பட்டு முழுக் கணக்கையும் போட்டு அனுப்பியிருந்தால் அவன் நோட்டில் 180 இருந்திருக்கும். கோணம் மட்டும் அவன் மனத்தில் இன்னும் கோபுரத்தை ஒட்டியே நின்றிருக்கும். ‘நீ முயன்று பார்த்ததைக் காட்டு’ என்று குழுக்கள் விடாப்பிடியாகக் கேட்பதைச் சோம்பேறிகளைத் தண்டிக்கிற வழியாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பதில் சொல்கிறவருக்கு அந்தத் தப்பான விடைதான் முக்கியமான தகவல். டாக்டர் கேட்கிற ‘எங்கே வலிக்குது?’ மாதிரி. வலிக்கிற இடத்தைக் காட்டாமல் மாத்திரை மட்டும் கேட்டால் அவர் என்ன செய்வார்?

சரி, இந்தக் குழுக்களில் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு சிடுசிடுவென்று இருக்கிறார்கள்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் யோசித்து, 1980இல் ஓடத் தொடங்கியது யூஸ்நெட். கணினிகளுக்கு இடையே செய்தி பரிமாறிக்கொள்ளும் வலை. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அங்கே செப்டம்பர் மாதம் கல்லூரி திறக்கும். புதுப் பிள்ளைகள் வந்து கேட்டதையே கேட்டு, வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் பழையவர்கள் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு நடைமுறை பழகிவிடும். 1993-94 வாக்கில் ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அந்த வாசலைத் திறந்துவிட்டன. அதன்பிறகு புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. சொல்லிக்கொடுத்துப் பழக்க அவகாசமும் இல்லை. அந்தக் காலத்தை ‘முடிவே இல்லாத செப்டம்பர்’ என்று பெயர் வைத்து இன்றும் அங்கலாய்க்கிறார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்து முதலில் அதைப் படிக்கச் சொல்வது, தேடிப்பார்த்துவிட்டு வா என்பது எல்லாம் அந்த நெரிசலில் நிலைபெற்ற பழக்கங்கள்.

நமக்கு அந்த நெரிசல் 2020 மார்ச்சில் வந்தது. பள்ளிகள் மூடிவிட்டன. கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்ததால் பாடம் ஓரளவு வீட்டுக்கு வந்தது. ஆனால் வீட்டுப்பாடம் முழுக்க வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. ஆசிரியர் படம் அனுப்புவார், பிள்ளை எழுதிப் படம் அனுப்பும், புரியாததை யாரிடமாவது கேட்க இன்னொரு குழு. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து கொண்டுவந்தால்தான். இரவு ஒன்பதே முக்காலுக்கு ‘அர்ஜென்ட்’ என்று செய்தி வருவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நான் இப்போது சொல்வதில்லை. பல வீடுகளில் அந்த நேரம்தான் பிள்ளையின் கைக்குப் போன் வரும் நேரம்.

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்கிற கேள்வி-பதில் தளத்தில் புரோகிராமிங் கேள்விகளுக்கு ‘வீட்டுப்பாடம்’ என்றே ஒரு குறிச்சொல் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். கேள்வி எங்கிருந்து வந்தது என்பது பிரச்சினையில்லை, கேள்வி தெளிவாக இருக்கிறதா என்பதே பிரச்சினை என்று முடிவுசெய்தார்கள். எனக்கு இது சரியான முடிவு என்றே படுகிறது. வீட்டுப்பாடம் என்று மறைக்காமல் சொல்வது நல்லதுதான். சொன்னால் பதில் சொல்கிறவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வார். அதை ஒரு குற்றப் பட்டயம்போல நெற்றியில் ஒட்டிவிட வேண்டியதில்லை.

வேறொரு வகை மட்டும் உண்மையிலேயே வில்லங்கம்: மதிப்பெண் ஏறுகிற வீட்டுப்பாடம். சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கிற என்பிடெல் ஆன்லைன் படிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரப் படிப்பு என்றால் வாரம் ஓர் அசைன்மென்ட். அதில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. கெடு தேதி முடிந்தபிறகு விடைகளை அவர்களே வெளியிட்டுவிடுவார்கள். ஆகவே கெடுவுக்கு முன்னால் ‘மூன்றாவது வாரம், ஐந்தாவது கேள்விக்கு என்ன விடை?’ என்று கேட்பது சந்தேகம் கேட்பதாகாது. மதிப்பெண் கேட்பதாகிவிடும். அந்தக் கேள்வியைத் தொடாமல், அதற்கு அடியில் இருக்கிற கருத்தைக் கேட்கலாம். அல்லது விரிவுரையில் வந்த உதாரணத்தைக் காட்டி, ‘இந்தப் படியில் இது எப்படி வந்தது?’ என்று கேட்கலாம். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

பதில் சொல்கிறவர்களுக்கும் நன்னூல் எட்டு வகை விடை வைத்திருக்கிறது. ‘இதைச் செய்வாயா?’ என்றால் ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. குழுக்களில் அதிகமாக விழுவதும், பிள்ளைகள் மனம் நோகிறதும் இதில்தான். ‘நீ எதுவரை போட்ட?’ என்று வாத்தியார் கேட்டது வினா எதிர் வினாதல். எனக்குப் பிடித்தது இனமொழி விடை: கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் அதற்கு இனமான இன்னொன்றைச் சொல்வது. கேட்ட கணக்கை விட்டுவிட்டு, அதே சாயலில் எண் மாற்றிய ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார்கள். ‘நான் கேட்டது இது இல்லையே’ என்று கோபித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. கோபிக்க வேண்டாம். அப்படிப் போட்டுக் காட்டுகிறவர் உன் வேலையை உன்னிடமே விட்டுவைத்து வழியை மட்டும் காட்டுகிறார், அதற்காக இரண்டு மடங்கு நேரம் செலவழித்திருக்கிறார்.

சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், சண்டை வருவது பெரும்பாலும் இவற்றில்தான். ‘ஒரு டவுட்’ என்று போட்டுவிட்டு ஆள் வரக் காத்திருக்க வேண்டாம், கேள்வியையே போட்டுவிடலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் போட்டோகூடத் தேவையில்லை. வகுப்பு, பயிற்சி எண், கணக்கு எண் சொன்னால் போதும், பதில் சொல்கிறவர் தன் போனிலேயே திறந்துகொள்வார். போட்டோ போட்டே ஆக வேண்டுமென்றால் நோட்டின் லேபிளில் இருக்கிற பெயர், பள்ளி, ஹால் டிக்கெட் எண் இவையெல்லாம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதில் சொன்னவருக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது, ‘கால் பண்ணட்டுமா அக்கா?’ என்பது வேண்டவே வேண்டாம். பெண்கள் பலர் இந்தக் குழுக்களில் பேசாமல் இருந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே கேள்வியை ஐந்து குழுவில் போடுவதும் உண்டு. ஒருமுறை சி மொழிப் புரோகிராம் ஒன்றில் எங்கே தப்பு என்று கேட்டிருந்த கல்லூரிப் பையனுக்காக வேளச்சேரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிடம் பதில் தட்டினேன். அனுப்பியதும், “தேங்க்ஸ் ப்ரோ, வேற குரூப்ல காலைலயே சொல்லிட்டாங்க” என்றான். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. விடை கிடைத்ததும் எல்லா இடத்திலும் ஒரு வரி போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அதன்பிறகு மூன்று வாரம் நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப்புக்கென்றே ஒரு கோளாறும் இருக்கிறது. 2022இலிருந்து ஒரு குழுவில் 1024 பேர்வரை சேரலாம். எல்லாரும் ஒரே வரிசையில் பேசுவதால் கேள்வி மேலே போய்க்கொண்டே இருக்கும். கேட்டவர் தன் பழைய செய்தியையே ரிப்ளை செய்து பேசினால் பின்னால் வருகிறவருக்கும் நூல் பிடிபடும். விடை வந்ததும் கேள்வியை அழித்துவிடுகிற பழக்கம் இதைவிட மோசம். ‘தெரியலன்னு நெனச்சுடுவாங்க’ என்ற கூச்சத்தில் அழிக்கிறார்கள். கேள்வி போனதும் அதற்குச் சொன்ன பதில் தலையில்லா முண்டமாகத் தொங்குகிறது. அதே கணக்கில் மாட்டிக்கொண்ட இன்னொரு பிள்ளை தேடினாலும் கிடைக்காது.

மொழி விஷயத்தில் பிள்ளைகள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை ‘சாரி ஃபார் மை பேட் இங்கிலீஷ்’ என்று தொடங்குவதைப் பார்த்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கும். நம் குழுக்களில் தமிழில் கேட்கலாம், பேசுகிற மாதிரியே கேட்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் முதன்மைத் தளம் ஆங்கிலத்தில் மட்டும்தான் கேட்கச் சொல்கிறது. அங்கே போனால் மன்னிப்பு கேட்பதைவிட, பாடத்தின் கலைச்சொல்லை ஆங்கிலத்தில் சரியாகத் தெரிந்துகொண்டு போவது உதவும். இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்; சொல் தெரியாவிட்டால் கேள்வியே புரியாது.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு இந்தக் காட்சி கொஞ்சம் மாறியிருக்கிறது. சில நாட்களிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதில் எழுதிய பதில்களைப் போடக்கூடாது என்று தடை போட்டது. பார்க்கச் சரியாகத் தெரிந்த தவறான பதில்கள் குவிந்ததுதான் காரணம். எங்கள் குழுவில் வேறு மாதிரி. ‘நான் போட்டது சரியா சார்?’ என்று படிப்படியாக, தலைப்புகளோடு ஒரு விடை வரும். புத்தகம் ‘இறக்கக் கோணம்’ என்கிறது, இந்த விடையில் ‘தாழ்வுக் கோணம்’ என்று இருக்கும். யார் போட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். இயந்திரத்திடம் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அது திட்டுவதில்லை, ‘தேடிப்பார்த்தியா?’ என்று கேட்பதில்லை, இரவு பன்னிரண்டுக்கும் விழித்திருக்கிறது. ஏவல் வினாவை முகம் சுளிக்காமல் செய்துகொடுக்கிறது. ஆனால் அதை ‘நான் போட்டது’ என்று சொல்லிக் குழுவில் வைத்தால், ஒரு மனிதர் உட்கார்ந்து அந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்று அதில் தேடுவார். அங்கே பிள்ளையே இருக்காது. ‘ஏஐ இப்படிச் சொல்லுது, எனக்கு 60 வருது, ஏன்?’ என்று கேட்டால் அது நல்ல ஐய வினா.

பவணந்தியார் கணக்கு ஒன்று போட்டிருக்கிறார். ‘ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்’ என்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான். இன்னொரு கால் உடன் படிப்பவர்களோடு பழகுவதில் வரும். மீதி அரைப் பங்கு, பிறருக்குச் செவ்வையாகச் சொல்லிக்கொடுப்பதில். சம்பளம் இல்லாமல் இரவு பத்து மணிக்கு யாரோ ஒரு பிள்ளையின் கோணத்தைத் திருத்துகிறவர்கள் எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது. தயாராகப் போட்ட விடையை அப்படியே எடுத்துக் கொடுப்பதில் அந்த அரைப் பங்கு கிடைப்பதில்லை.

அடுத்த வாரம், அதே பையன், அதே நேரம். “சார், ஒரு டவுட்.” மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் கழித்துப் போட்டோ வந்தது. நேராக இருந்தது, நிழல் இல்லை. நோட்டுப் பக்கம். கீழே எழுதியிருந்தான்: “பயிற்சி 6.4, மூணாவது கணக்கு. படம் போட்டுட்டேன். ரெண்டு கோணம் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே முக்கோணமா, தனித்தனியான்னு தெரியல.” நான் பதில் தட்டத் தொடங்கினேன். பாதி முடிவதற்குள் அடுத்த செய்தி.

“வந்துடுச்சு சார். தனித்தனி.”